ஆறு வருட ஒப்பந்தம், பத்து மாத வேலை: கால்பந்து மேலாளர் பதவி எப்படி நடக்கிறது?

பெரிய கால்பந்து கிளப் ஒன்று மேலாளரை அனுப்பிவிட்டது என்ற செய்தி வந்ததும் இரண்டு பேச்சுகள் கிளம்பும். "இனி மிச்சமிருக்கும் நாலு வருடச் சம்பளத்தையும் வீட்டில் உட்கார்ந்தே வாங்கப்போகிறார்" என்பார் ஒருவர். "போன மாதம்தானே ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அதற்குள் எப்படித் தூக்கினார்கள்?" என்று கேட்பார் இன்னொருவர். முன்னது பெரும்பாலும் தப்புக் கணக்கு. பின்னதில் வியக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தம் வேலையைக் காப்பாற்றும் என்று இருவருமே நினைத்துக்கொள்கிறார்கள். மேலாளரின் ஒப்பந்தம் அந்த வேலையைச் செய்வதே இல்லை. அவரை அனுப்ப எவ்வளவு செலவாகும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் விலைச்சீட்டு அது.

அந்த விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், யார் கட்டுகிறார்கள், அடுத்தவரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். உதாரணங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கைச் சேர்ந்தவை. அங்கே கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவு செய்யப்பட்டு வரவுசெலவுக் கணக்கை வெளியிடுவதால், வதந்தியை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்துப் பேச முடிகிறது.

பரோட்டா மாஸ்டரிலிருந்து தொடங்குவோம்

நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய ஹோட்டல். முதலாளி பணம் போடுகிறார், மாஸ்டர் அடுப்பில் நிற்கிறார். சில ஹோட்டல்களில் மாஸ்டரே காலையில் சந்தைக்குப் போய்க் கறியும் காயும் பார்த்து வாங்குவார். வேறு சிலவற்றில் சரக்கு வாங்கத் தனி ஆள் உண்டு. வந்து இறங்குவதை வைத்து மாஸ்டர் சமைக்க வேண்டும்.

நல்ல மாஸ்டரை அடுத்த ஊர் ஹோட்டல்காரர் இழுக்கப் பார்க்கிறார். ஆனால் இந்த முதலாளியிடம் மாஸ்டர் ஐம்பதாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறார். புது முதலாளி அதைக் கட்டினால்தான் மாஸ்டர் கிளம்ப முடியும். வரும்போது தன் கையாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். அவர்களுக்கும் சம்பளம் பேச வேண்டும்.

இந்தக் காட்சியில் முதலாளி என்ற இடத்தில் கிளப்பின் உரிமையாளரையும், மாஸ்டர் இடத்தில் மேலாளரையும், சரக்கு வாங்குபவர் இடத்தில் விளையாட்டு இயக்குநரையும், கையாட்கள் இடத்தில் துணைப் பயிற்சியாளர்களையும் வையுங்கள். கால்பந்து மேலாளர் சந்தையின் முக்கால்வாசி புரிந்துவிடும். மிச்சம் சட்டமும் கணக்கும்தான்.

மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும்

இங்கிலாந்தில் பழைய முறைப்படி 'மேனேஜர்' என்றால் சந்தைக்கும் போகிற மாஸ்டர். அணியைத் தேர்வு செய்வது, பயிற்சி கொடுப்பது, வீரர்களை வாங்குவது, விற்பது என எல்லாவற்றிலும் அவர் கை இருக்கும். 1986 நவம்பர் முதல் 2013 மே வரை மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் இந்த வகையின் கடைசிப் பெரிய உருவம். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் வெகுகாலமாகப் புழங்கும் 'ஹெட் கோச்', அதாவது தலைமைப் பயிற்சியாளர், அடுப்படியோடு நிற்பவர். வீரர்களை வாங்கும் பொறுப்பு விளையாட்டு இயக்குநரிடம் இருக்கும். இந்தச் சொல்லை நம் பத்திரிகைகளில் அதிகம் பார்க்க மாட்டீர்கள். அணியை எப்படிக் கட்டுவது, யாரை வாங்குவது, யாரை மேலாளராக வைப்பது என்று பல ஆண்டுத் திட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி அவர்.

இப்போது பிரீமியர் லீக்கிலும் தலைமைப் பயிற்சியாளர் முறைதான் பெருகிவிட்டது. காரணம் எளிது. வாங்குபவரும் சமைப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவரை அனுப்பும்போது மொத்தக் கடையையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரித்து வைத்தால் மாஸ்டரை மட்டும் மாற்றலாம். அதாவது, இந்த ஏற்பாடே மேலாளரை மாற்றுவதை எளிதாக்கத்தான் வந்தது. பெயர்ப்பலகையில் 'மேனேஜர்' என்பது போய் 'ஹெட் கோச்' என்று வந்தால் வேலைப் பாதுகாப்பு கொஞ்சம் குறைந்தது என்று பொருள். இதற்கு எதிர்த்திசையில் போனவர் மிகெல் ஆர்ட்டெட்டா. 2019 டிசம்பரில் அவரை ஆர்சனல் தலைமைப் பயிற்சியாளராகத்தான் சேர்த்தது. அடுத்த ஆண்டு, லீக்குக்குத் தனியாக நடக்கும் இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றபின், 2020 செப்டம்பரில் பதவியின் பெயரை மேனேஜர் என்று மாற்றியது. கிளப் அவர்மீது எவ்வளவு பந்தயம் கட்டுகிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டியது.

இந்த அதிகாரப் பிரிவினை எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கெவின் கீகன் வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. 2008 ஜனவரியில் அவர் நியூகாசில் யுனைடெட்டின் மேலாளரானார். சில நாளில் டென்னிஸ் வைஸ் என்ற முன்னாள் வீரரைக் கால்பந்து விவகாரங்களுக்கான இயக்குநராக அவருக்கு மேலே உட்காரவைத்தது கிளப். அந்த ஆகஸ்ட் கடைசியில் இக்னாசியோ கொன்சாலெஸ் என்ற உருகுவே வீரரைக் கடனாக, அதாவது வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக, கொண்டுவர ஏற்பாடு நடந்தது. கீகன் அவர் ஆடிப் பார்த்ததே இல்லை. யூடியூபில் தேடிப் பார்த்த துண்டுக்காட்சிகளும் அவருக்குத் திருப்தி தரவில்லை. வேண்டாம் என்றார். கிளப் கேட்கவில்லை. செப்டம்பரில் கீகன் வேலையை விட்டார்.

தானாக விட்டவருக்கு நஷ்டஈடு எப்படி? இங்கேதான் 'மறைமுகப் பணிநீக்கம்' என்ற சட்டக் கருத்து வருகிறது. முதலாளி ஒப்பந்தத்தின் உயிர்நாடியான ஒரு வாக்குறுதியை மீறி, ஊழியர் வெளியேறுவதைத் தவிர வழியில்லாமல் செய்தால், அதுவும் முதலாளி வேலையிலிருந்து நீக்கியதாகவே கருதப்படும். வழக்கு பிரீமியர் லீக்கின் மேலாளர்களுக்கான நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. வீரர்களைச் சேர்ப்பதில் கடைசி வார்த்தை கீகனுடையது என்று கிளப் வெளியே சொல்லியிருந்தது. தீர்ப்பாயத்தின் முன்போ, அது வெளியுலகுக்காகச் சொன்ன பேச்சு, உண்மையல்ல என்று வாதாடியது. 2009 அக்டோபரில் தீர்ப்பு கீகன் பக்கம் வந்தது. ஆனால் கிடைத்த தொகை 20 லட்சம் பவுண்டும் வட்டியும் மட்டுமே. அவர் கேட்டது அதைப் போலப் பல மடங்கு. வேலை முறிந்தால் அவருக்குச் சேரும் தொகை 20 லட்சம் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. வழக்கில் ஜெயித்தும், வட்டியைத் தவிர, விலைச்சீட்டில் இருந்ததற்கு மேல் ஒரு காசு கிடைக்கவில்லை.

மிச்சச் சம்பளம் முழுவதும் கிடைக்குமா?

அரசு ஊழியரை நீக்க விசாரணை, விளக்கம் கேட்பு, மேல்முறையீடு எல்லாம் வேண்டும். மேலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடையது குறித்த காலத்துக்கான ஒப்பந்தம். காலம் முடியுமுன் காரணமில்லாமல் அனுப்பினால் அது ஒப்பந்த மீறல். தோற்றுக்கொண்டே இருப்பது சட்டப்படி குற்றமல்ல என்பதால், மோசமான ஆட்டத்தைக் காரணம் காட்டிக் கிளப் காசு கொடுக்காமல் தப்ப முடியாது. கிளப் மீறலாம், மீறியதற்குப் பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஒப்பந்தத்தில் தொகை எதுவும் எழுதாதபோது வருவது. கல்யாணத்துக்குச் சமையல்காரரை மூன்று நாளுக்குப் பேசி வைத்துவிட்டு, முதல் நாளே வேண்டாம் என்று அனுப்பினால் மற்ற இரண்டு நாள் கூலியை அவர் கேட்கலாம். ஆனால் அந்த இரண்டு நாளில் அவருக்கு வேறொரு வீட்டில் வேலை கிடைத்துவிட்டால், அங்கே வாங்கிய கூலியைக் கழித்துக்கொண்டுதான் நீங்கள் கொடுக்க வேண்டும். வேலை வந்தும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அதையும் கணக்கில் எடுப்பார்கள். சட்டத்தில் இதற்கு 'நட்டத்தைக் குறைக்கும் கடமை' என்று பெயர். ஆகவே, மூன்று வருடம் மிச்சமிருக்கையில் நீக்கப்பட்ட மேலாளர் எட்டு மாதத்தில் வேறு கிளப்பில் சேர்ந்தால், பழைய கிளப்பின் பாரம் அங்கேயே குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும்.

இரண்டாவது வழி, தொகையை முன்பே எழுதிவைப்பது. 'நீக்கினால் பன்னிரண்டு மாதச் சம்பளம், அதோடு கணக்கு முடிந்தது' என்பது போன்ற வரி. இன்று இதுதான் அதிகம். இரு தரப்புக்கும் வசதி: கிளப்புக்குச் செலவு எவ்வளவு என்பது தெரியும், மேலாளருக்கு மறுநாளே புது வேலை தேடும் சுதந்திரம் கிடைக்கும்.

டேவிட் மோய்ஸ் கதையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 2013 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனின் இடத்துக்கு ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்தார். 2014 ஏப்ரல் 20 அன்று எவர்ட்டனிடம் தோற்றபோது, ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறும் முதல் நான்கு இடங்கள் கணக்குப்படியே கைவிட்டுப் போயின. 22 அன்று அவர் பதவியில் இல்லை. அந்தத் தகுதி தவறினால் ஒரு வருடச் சம்பளத்தோடு அனுப்பலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்ததாக அப்போது பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. கிளப்பின் கணக்கில் வந்த தொகையும் அதற்குப் பொருந்துகிறது: மோய்ஸுக்கும் உதவியாளர்களுக்கும் சேர்த்து சுமார் 52 லட்சம் பவுண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் மிச்சமிருந்தது. ஆறு வருடம் என்ற எண் செய்தித் தலைப்புக்குத்தான் பயன்பட்டது.

அதே கிளப் 2018 டிசம்பரில் ஜோசே மொரீன்யோவையும் உதவியாளர்களையும் அனுப்பக் கொடுத்தது 1.96 கோடி பவுண்டு. எரிக் டென் ஹாக் விஷயம் இன்னும் வேடிக்கை. 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். அக்டோபர் 28-இல், அணி 14-ஆம் இடத்தில் இருந்தபோது நீக்கினார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் 1.04 கோடி பவுண்டு. மூன்று மாதம் முன்பு போட்ட கையெழுத்து இல்லையென்றால் இந்தப் பில் சிறியதாக இருந்திருக்கும்.

அப்படியானால் ஏன் நீட்டினார்கள்? ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் இருக்கும் மேலாளரை, 'இவர் எப்படியும் போகப்போகிறவர்' என்று வீரர்கள் பார்க்கத் தொடங்குவார்கள் என்ற பயம் எல்லாக் கிளப்புக்கும் உண்டு. புதிதாக வாங்கவிருக்கும் வீரரும் "யாருக்குக் கீழே ஆடப்போகிறேன்?" என்று கேட்பார். எனவே நீட்டிப்பு என்பது அதிகாரத்தைக் காப்பாற்றப் போடும் ஒட்டு. நம்பிக்கைப் பத்திரமாக அதைப் படிக்க வேண்டியதில்லை.

கணக்கை முடிக்காமல் சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செல்சி சாட்சி. 2018 ஜூலையில், ஒரு வருடம் மிச்சமிருக்கையில் அன்டோனியோ கோன்டேவை நீக்கியது. தொகை பற்றிய தகராறு வழக்கானது, கோன்டே வென்றார். அடுத்து வெளியான கணக்கில், பயிற்சிக் குழுவை மாற்றிய செலவும் வழக்குச் செலவும் சேர்த்து 2.66 கோடி பவுண்டு.

ஜெர்மனியில் வழக்கம் வேறு. அங்கே மேலாளரைப் பெரும்பாலும் 'பணியிலிருந்து விடுவிப்பார்கள்'. வேலை கிடையாது, ஒப்பந்தமும் சம்பளமும் தொடரும். 2023 மார்ச்சில் பேயர்ன் மியூனிக் ஜூலியன் நாகல்ஸ்மனை அனுப்பியபோது ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. செப்டம்பரில் ஜெர்மனி தேசிய அணி அவரைக் கேட்டது. பேயர்ன் மகிழ்ச்சியோடு விட்டது. சம்பளப் பாரம் இறங்கினால் போதாதா?

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ஒப்பந்த காலம் வேலைக்கு உத்தரவாதம் அல்ல. நீக்கினால் தரவேண்டியது ஒன்று எழுதிவைத்த தொகை, இல்லையென்றால் மிச்சச் சம்பளத்திலிருந்து புது வேலையின் வருமானத்தைக் கழித்தது. உதவியாளர்களின் பில் தனி.

நீக்க முடிவெடுப்பது யார்?

கடைசிக் கையெழுத்து உரிமையாளருடையது. ரசிகர்களின் கோபம், வீரர்களின் முணுமுணுப்பு எல்லாம் அவர் காதுவரை போகும், ஆனால் முடிவு கணக்கில்தான் வரும்.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். கடைசி மூன்று கீழ் டிவிஷனுக்கு இறங்கும். 2023-24 சீசனில் கடைசி இடத்தில் முடித்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கே லீக்கிலிருந்து சுமார் 11 கோடி பவுண்டு வந்தது. பட்டியலில் ஒரு படி மேலே முடித்தால் கூடுதலாகச் சுமார் 28 லட்சம். இறங்கிய அணிக்குச் சில காலம் ஈட்டுப் பணம் வரும் என்றாலும், வருமானம் பாதியில் உடைந்துபோகும். இப்போது உரிமையாளராக நின்று யோசியுங்கள். மேலாளரை மாற்ற ஐம்பது லட்சமோ ஒரு கோடியோ ஆகும். மாற்றாமல் இறங்கினால் பல கோடி போகும். மாற்றினால் தப்பிக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு கூடுகிறது என்று அவர் நம்பினாலே போதும், கணக்கு நீக்குவதன் பக்கம் சாய்ந்துவிடும். கீழே தத்தளிக்கும் அணிகள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் பதற்றத்தில் ஆள் மாற்றுவது இதனால்தான். ஜனவரியில் வீரர் சந்தை திறப்பதால் புதியவர் கேட்கும் ஒன்றிரண்டு பேரையும் வாங்கிக் கொடுக்கலாம். மேலாளரை மாற்ற அப்படி ஒரு பருவம் கிடையாது. எந்த நாளும் நாள்தான். தேசிய அணிகள் ஆடும் இரண்டு வார இடைவெளியில் மாற்றினால் புதியவருக்குப் பயிற்சி நாட்கள் கிடைக்கும் என்பதால், அந்த வாரங்களில் வதந்தி கூடுதலாக இருக்கும்.

கோப்பை வென்றவரையும் ஏன் அனுப்புகிறார்கள் என்பதற்கும் இதே பதில்தான். கோப்பை ஒரு நாள் சந்தோஷம், லீக் இடம் ஒரு வருடச் சாப்பாடு. 2016-இல் லூயி வான் கால் எஃப்.ஏ. கோப்பை வென்ற இரண்டாம் நாள் மான்செஸ்டர் யுனைடெட் அவரை அனுப்பியது. அந்த சீசனில் அணி ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக் இல்லை. 2025 மே மாதம் ஆங்கே போஸ்டகோக்லு டாட்டனம் அணிக்கு, சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையை வாங்கித் தந்தார். ஆனால் லீக்கில் 17-ஆம் இடம். ஜூன் 6 அன்று வேலை போயிற்று. செப்டம்பரில் நாட்டிங்கம் ஃபாரஸ்ட் அவரைச் சேர்த்தது. எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. 39-ஆம் நாள், செல்சியிடம் தோற்ற ஆட்டம் முடிந்து அரைமணி நேரம் ஆவதற்குள் அங்கிருந்தும் அவரை அனுப்பிவிட்டார்கள்.

உறுப்பினர்களே உரிமையாளர்களாக உள்ள ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற கிளப்புகளில் தலைவரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பயிற்சியாளர் தலைவருக்குக் கேடயம். அணி சரிந்தால் தலைவருக்கு எதிராக ரசிகர்கள் எதிர்ப்புக் காட்டி வெள்ளைக் கைக்குட்டை அசைக்கும் முன்பே பயிற்சியாளர் போயிருப்பார். ஜெயித்தாலும் பாதுகாப்பில்லை. 2003-இல் லீக் பட்டம் வென்ற மறுநாளே விசென்டே டெல் போஸ்க்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று மாட்ரிட் அறிவித்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல்

"ஆள் மாறியதும் அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டதே!" என்பது அடுத்த வாதம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வைரஸ் காய்ச்சல். முதல் நாள் டாக்டரைப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகிறது. பயந்து டாக்டரை மாற்றுகிறீர்கள். ஐந்தாம் நாள் இறங்குகிறது. இரண்டாம் டாக்டர் கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் சொல்வீர்கள். காய்ச்சல் எப்படியும் ஐந்தாம் நாள் இறங்கியிருக்கும். டாக்டரை மாற்றும் நாளாக நாம் எப்போதும் உச்சத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

புள்ளியியலில் இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்றதில் ஒரு பகுதி குறை, ஒரு பகுதி துரதிர்ஷ்டம். துரதிர்ஷ்டம் தானாகத் தீரும். இதை நெதர்லாந்தின் லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை வைத்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் சோதித்தார். சரிவில் மேலாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரேபோல மீண்டன.

ஓலே குன்னர் சோல்ஷாயர் இதற்குக் கச்சிதமான உதாரணம். மொரீன்யோ போனபின் 2018 டிசம்பரில் யுனைடெட் அவரை இடைக்காலத்துக்கு அழைத்தது. முதல் எட்டு ஆட்டங்களும் வெற்றி. 2019 மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம். அதற்குப் பின் வந்த வாரங்களில் அணி சரிந்து ஆறாம் இடத்தில் முடித்தது. சீசன் முடியும்வரை பொறுத்திருந்தால் அதே ஆளை இன்னும் தெளிவான கண்ணோடு எடைபோட்டிருக்கலாம். கடைசியில் 2021 நவம்பரில், வாட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்றதும் அவரை அனுப்பினார்கள். அன்று ஜெயித்த வாட்ஃபோர்டின் மேலாளர் கிளாடியோ ரனியேரி. 2016-இல் லெஸ்டரைச் சாம்பியனாக்கி, ஒன்பது மாதத்தில் அங்கே வேலை இழந்தவர். வாட்ஃபோர்டிலும் அந்த ஆட்டத்துக்குப் பின் இரண்டே மாதத்தில் இழந்தார்.

இதற்காக "எல்லோருக்கும் காலம் கொடுக்க வேண்டும்" என்று முழங்குவதும் சரியல்ல. யுனைடெட்டில் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை 1990-இல்தான் வந்தது, பொறுத்ததால் பலன் கிடைத்தது என்பார்கள். பொறுத்தும் பலன் கிடைக்காத மேலாளர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, அவ்வளவே. கேட்க வேண்டிய கேள்வி வேறு: முடிவுகளுக்கு அடியில் ஆட்டம் எப்படி இருக்கிறது?

அதை அளக்கத்தான் 'எதிர்பார்ப்பு கோல்' என்ற கணக்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும், அது எடுக்கப்பட்ட இடம், கோணம் முதலியவற்றை வைத்து, கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குச் சற்று மேல். முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் மிகச் சொற்பம். எல்லாவற்றையும் கூட்டினால், அணி எத்தனை கோல் அடித்திருக்க 'வேண்டும்' என்று தெரியும். எதிர்பார்ப்பு நன்றாக இருந்து முடிவு மோசமாக இருந்தால் பொறுக்கலாம். இரண்டும் மோசம் என்றால் மாற்றலாம். முடிவு நன்றாக இருந்து எதிர்பார்ப்பு மோசமாக இருக்கும் அணிதான் ஆபத்தானது. அங்கே அடுத்த சரிவு வாசலில் நிற்கிறது, ஆனால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

சுருக்கமாக: நீக்குவது பெரும்பாலும் இறங்கிவிடுவோம் என்ற பயத்தின் கணக்கு. நீக்கியபின் வரும் எழுச்சியில் பெரும்பகுதி தானாக வந்தது.

அடுத்தவரை எப்படிப் பிடிக்கிறார்கள்?

எதிர்பார்ப்பு கோல் போன்ற கணக்கை நியமனத்துக்குப் பயன்படுத்திப் பெரும்பலன் கண்டது லிவர்பூல். 2014-15 சீசனில் யூர்கன் க்ளாப் மேலாளராக இருந்த ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் பாதி சீசன்வரை அடிமட்டத்தில் கிடந்து, கடைசியில் ஏழாம் இடம் பிடித்தது. ஆள் தீர்ந்துவிட்டார் என்ற பேச்சு இருந்தது. லிவர்பூலின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் இயன் கிரஹாம் ஆட்டங்களைக் கணக்கிட்டபோது, டார்ட்மண்ட் உண்மையில் ஜெர்மனியின் இரண்டாவது சிறந்த அணியாகவே ஆடியிருந்தது, அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்று தெரிந்தது. 2015 அக்டோபரில் க்ளாப் லிவர்பூல் வந்தார். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் லீக் பட்டம்.

நன்றாக நடக்கும் கிளப்பில், இருப்பவர் நல்ல நிலையில் இருக்கும்போதே அடுத்தவர்களின் பட்டியல் இருக்கும். முதலில் ஆட்டப் பாணி: கையில் உள்ள வீரர்களுக்குப் பொருந்துகிறவரா? பின் பணம், மொழி, இளம் வீரர்களை வளர்த்த வரலாறு. பட்டியல் நான்கைந்து பேராகக் குறைந்ததும் ஏஜென்ட்கள் வழியாக ரகசியமாக விசாரிப்பார்கள். வேறு கிளப்பின் ஒப்பந்தத்தில் இருப்பவரோடு, அந்தக் கிளப்பின் அனுமதியில்லாமல் நேரடியாகப் பேசக் கூடாது என்பது பிரீமியர் லீக் விதி. ஏஜென்ட்கள் என்ற இனம் செழிப்பதற்கு இந்த விதி செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல.

பட்டியல் வைத்திருப்பதன் பலன் பிரைட்டனைப் பார்த்தால் தெரியும். 2022 செப்டம்பர் 7 அன்று செல்சி தாமஸ் துகெலை நீக்கிவிட்டு, மறுநாளே பிரைட்டனின் கிரஹாம் பாட்டரைத் தூக்கிக்கொண்டு போனது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்ததாகச் செய்தி. பிரைட்டன் பத்து நாளில் ரொபேர்டோ டி செர்பியைக் கொண்டுவந்து, அந்த சீசனில் ஆறாம் இடம் பிடித்து, வரலாற்றிலேயே முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஐந்து வருட ஒப்பந்தம் போட்ட பாட்டர், ஏழு மாதம் முடியுமுன் செல்சியை விட்டுப் போனார். முன்பணத்தைக் கட்டி இழுத்த மாஸ்டர் புது அடுப்பில் நிற்கவில்லை, அவர் விட்டுப்போன கடையிலோ கூட்டம்.

அந்த 'முன்பணம்' பல ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை என்ற பெயரில் முன்பே எழுதியிருக்கும். டென் ஹாக் போனபின் யுனைடெட் தேர்ந்தெடுத்த ரூபன் அமோரிமுக்கு லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப் வைத்திருந்த விலை 1 கோடி யூரோ. முப்பது நாள் நோட்டீஸ் காலத்தைச் சுருக்க இன்னொரு 10 லட்சம். ஸ்போர்ட்டிங் பங்குச்சந்தையில் இருக்கும் கிளப் என்பதால் இதைப் பகிரங்கமாகவே அறிவித்தது. பழையவருக்கு நஷ்டஈடு, புதியவருக்கு விடுவிப்புத் தொகை, இரு தரப்பு உதவியாளர்கள்: ஒரு மாற்றத்துக்கு 2 கோடி பவுண்டைத் தொடும் செலவு. ஒரு நல்ல இளம் வீரரின் விலை அது.

கையெழுத்துக்கு முன் இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு வேலை அனுமதி. இன்னொன்று, யூஃபா ப்ரோ லைசென்ஸ், அதாவது ஐரோப்பாவின் மேல்மட்ட லீக்குகளில் மேலாளராக இருக்கத் தேவையான உச்சப் பயிற்சிச் சான்றிதழ். ஓராண்டுக்கு மேல் படிக்க வேண்டிய படிப்பு. இல்லாமலும் சிலர் இருந்திருக்கிறார்கள். 2006-இல் கேரத் சவுத்கேட்டை மிடில்ஸ்பரோ மேலாளராக்கச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிரான்சில் ரேம்ஸ் கிளப், லைசென்ஸ் முடிக்காத வில் ஸ்டில்லை 2022-இல் பொறுப்பில் வைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவருக்குக் கீழே அணி தோற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால், அதைப் போட்டிச் செலவில் ஒன்றாக எழுதிக்கொண்டது.

அறிக்கையைப் படிக்கும் முறை

'பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்' என்றால் தொகை பேசி முடிந்துவிட்டது என்று பொருள். யார் யாரை அனுப்பினார்கள் என்பதை அது சொல்லாது. 'நிர்வாகத்தின் முழு ஆதரவு உண்டு' என்றால், ஆதரவு இருக்கிறதா என்ற கேள்வி எழுந்துவிட்டது. 'கேர்டேக்கர்' என்பவர் ஓரிரு வாரம் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஆள். 'இன்டெரிம்' என்பவர் சீசன் முடியும்வரை என்று பேசி வெளியிலிருந்து கொண்டுவந்தவர். 'கார்டனிங் லீவ்' என்றால் நோட்டீஸ் காலத்தில் சம்பளத்தோடு வீட்டில் இருத்தல். போட்டியாளரிடம் உடனே போய்விடாமல் தடுக்கும் ஏற்பாடு. விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் 2024-இல் நியூகாசிலிலிருந்து யுனைடெட்டுக்குப் போக இப்படி மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தார். ஜூலையில் சேர்ந்து டிசம்பரில் வெளியேறினார்.

இத்தாலியில் நீக்கப்பட்ட பயிற்சியாளர் கிளப்பின் சம்பளப் பட்டியலிலேயே தொடர்வது வழக்கம். புதியவர் சரிவராவிட்டால், ஏற்கனவே காசு போய்க்கொண்டிருக்கும் பழையவரையே திரும்பக் கூப்பிடுவார்கள். 2023 ஜனவரி 15 அன்று சலெர்னிடானா அணி அட்லாண்டாவிடம் 8-2 என்று தோற்றது. மறுநாள் பயிற்சியாளர் டாவிடே நிகோலாவை நீக்கினார்கள். அதற்கு இரண்டாம் நாள் அவரையே மீண்டும் பொறுப்பில் வைத்தார்கள். பிப்ரவரி 15 அன்று மறுபடி நீக்கினார்கள்.